மாம்பழக் கையும் மைக்ரோ துளியும்

நூம்பலில் ஒரு நண்பர் வீடு. ஞாயிறு சாயங்காலம். அப்பாவுக்கு மாம்பழத்தில் 'ஒரே ஒரு கீற்று' நறுக்கிக் கொடுத்துவிட்டு, அவருடைய சுகர் மெஷினை விளையாட்டாக எடுத்தார் நண்பர். வயசு 31. அம்பத்தூரில் ஆபீஸ். தினம் ஐந்து டீ. ஐந்தும் 'சக்கரை தூக்கலா!' விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். ஐந்து விநாடி...

243!

மனுஷன் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார்.

''கையைக் கழுவினியாடா?'' என்றார் அப்பா. பல வருஷ அனுபவஸ்தர், அசரவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி குத்தினால் 118!

மெஷின் மேல் தப்பில்லை. ஸ்ட்ரிப் உறிஞ்சுவது சுமார் அரை மைக்ரோ லிட்டர் ரத்தம்தான். சர்க்கரை 100 என்றால், அந்தத் துளியில் உள்ள குளுக்கோஸ் ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு! விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு போதாதா, கணக்கைக் கவிழ்க்க?

இந்த வித்தைக்கு விதை போட்டவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க். 1962-ல், மின்முனை மேல் ஒரு என்ஸைமை உட்கார வைத்தால் அது சர்க்கரையை அடையாளம் காட்டும் என்றார். 1970-ல் வந்த முதல் மீட்டர் நிறம் பார்த்துச் சொல்வது. எடை ஒரு கிலோவுக்கும் மேல்! கிளார்க்கின் யோசனை பேனா சைஸில் கைக்கு வந்தது 1987-ல்.

சரி, ஸ்ட்ரிப்புக்குள் என்னதான் இருக்கிறது? கீழே பாலியெஸ்டர் துண்டு. அதன்மேல் அச்சடித்த கார்பன் மின்முனைகள். அதில் காய வைத்த என்ஸைம். மேலே ஒரு மூடி. நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு சந்து. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, சந்து ரத்தத்தை இழுக்கிறது. என்ஸைம் சர்க்கரையோடு வினை புரிய, கிளம்பும் மின்சாரத்தை அளந்து மீட்டர் நம்பர் சொல்கிறது.

கேட்க சுலபம். செய்வதில்தான் வம்பு! பிளாஸ்டிக்கை ஒட்டச் சூடு வேண்டும். என்ஸைமோ புரதம், சூடு பட்டால் அவித்த முட்டை கதிதான். அதனால் சூடு காட்டாமல் பசை டேப்பால் ஒட்டுகிறார்கள். அடுத்த தொல்லை, பிளாஸ்டிக்கில் ரத்தம் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாமல் நிற்கும். அதற்காக, மூடியின் உள்பக்கம் ஈரத்தை இழுக்கும் பூச்சு. சென்சாரையும் பிளாஸ்டிக்கையும் குடித்தனம் பண்ண வைக்க இத்தனை பாடு!

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே... ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள்; நம்ம ஊர் ஈரக் காற்று உள்ளே போனால் கெடும். வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். தேதி முடிந்ததைத் தூக்கிப் போடுங்கள். இவ்வளவு செய்தாலும், 100-க்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து வரை ஏறி இறங்க சர்வதேச விதியே இடம் தருகிறது. நிஜம் 180 என்றால் மெஷின் 153-ம் காட்டலாம், 207-ம் காட்டலாம். வியாதி உண்டா இல்லையா என்று முடிவு கட்ட வேண்டியது லேப்தான்.

நண்பர் 118-ஐப் பார்த்துக் குஷியாகி, டீக்குக் கிளம்பினார். அப்பா விடவில்லை. மறுநாளே லேபுக்கு இழுத்துப் போனார். மூன்று மாசச் சராசரி சொல்லும் ஹெச்.பி.ஏ1சி டெஸ்ட்டில் 6.0. அதாவது வியாதி இல்லை. ஆனால் வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது! 5.7-லிருந்து 6.4 வரை இந்த ரகம். 2023-ல் வெளியான, சென்னை டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10 கோடி. இப்படி வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்.

முப்பது தாண்டிவிட்டீர்களா? அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? ஒரு நாள் வெறும் வயிற்றோடு லேப் பக்கம் போய்விட்டு வாருங்கள்.

நண்பர் இப்போது சாயங்காலம் நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடி வரை நடக்கிறார். டீ இரண்டாகிவிட்டது. சக்கரை? ''இல்லாமப் போடுங்க அண்ணே!''

மாம்பழம் மட்டும் இன்னும் அவர்தான் நறுக்குகிறார். கையைக் கழுவிவிடுகிறார்!