அடுத்த பெருந்தொற்றில் பள்ளியை மூடுவதா, ஜன்னலைத் திறப்பதா? தாராவியும் மாட்டுங்காவும் சொல்லும் பதில்

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. சில வாரங்களிலேயே அந்தப் பகுதியின் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் தனிமைப்படுத்தும் மையங்களாக மாறின. காரணம் ரொம்ப எளிது. பத்துக்குப் பத்து அடி வீட்டில் ஆறேழு பேர் இருக்கும்போது, ஒருவரை மட்டும் எங்கே தனியாகப் படுக்க வைப்பது? தாராவியில் கொஞ்சமாவது இடமும் காற்றும் இருந்தது பள்ளிக்கூடங்களில்தான்.

ஆனால் அதே கட்டடங்கள்தான் குழந்தைகளுக்கு ஆபத்தான இடம் என்று சொல்லிப் பூட்டப்பட்டன. தொடக்கத்தில் அதைத் தவறு சொல்ல முடியாது. வைரஸைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத நேரம் அது. கேள்வி, அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றியது.

எவ்வளவு நாள் மூடியிருந்தது?

மும்பையில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை 2021 அக்டோபர் 4 அன்று திறந்தன. 1 முதல் 7 வரை படிப்பவர்கள் டிசம்பர் 15 வரை காத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் ஒமிக்ரான் வந்தது, பெரும்பாலான வகுப்புகளுக்கு மறுபடி பூட்டு. ஜனவரி 24-ல் திறந்து, 2022 மார்ச் 2 முதல்தான் முழு வருகையோடு பள்ளிகள் நடந்தன. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன குழந்தை, மூன்றாம் வகுப்பில் திரும்பி வந்தது. அப்போது மாநிலப் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர் வர்ஷா கெய்க்வாட், தாராவியின் எம்.எல்.ஏ. ஆகவே தாராவி யாருடைய நினைவிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆன்லைன் வகுப்பு இருந்ததே என்று கேட்கலாம். பவாயில் உள்ள ஐஐடி பாம்பே 2020 ஜூனிலேயே முழு செமஸ்டரும் ஆன்லைனில்தான் என்று அறிவித்து, வசதியில்லாத மாணவர்களுக்கு லேப்டாப் வாங்க சுமார் 5 கோடி ரூபாய் நன்கொடை கேட்டது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற குழந்தைக்கு அப்படி யார் கேட்பது? 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஜான் த்ரெஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பங்களிடம் எடுத்த ஆய்வில், நகர்ப்புறக் குழந்தைகளில் 24 சதவீதம் பேர்தான் தொடர்ந்து ஆன்லைனில் படித்தார்கள்.

சரி, குழந்தைகள் தொற்றிலிருந்தாவது தப்பித்தார்களா?

பெரிய அளவில் இல்லை. 2021 ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை மும்பை மாநகராட்சி, 18 வயதுக்குட்பட்ட 2,176 பேரின் ரத்த மாதிரிகளைச் சோதித்தது. 51.18 சதவீதம் பேரிடம் கொரோனாவுக்கான ஆன்டிபாடி இருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி வராத காலம் அது, ஆக எல்லாமே தொற்றால் வந்தவை. வேறு காரணங்களுக்காக லேபுக்கு வந்த மாதிரிகள் என்பதால் நகரம் முழுவதற்கும் துல்லியமான கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைகளில் இத்தனை பேருக்குத் தொற்று வந்தது எங்கிருந்து? பெரும்பாலும் வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும்தான்.

இதற்கு முந்தைய வருடமே ஒரு துப்பு கிடைத்திருந்தது. 2020 ஜூலையில் டாடா ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆர், நிதி ஆயோக், மாநகராட்சி மூன்றும் சேர்ந்து மூன்று வார்டுகளில் ஆய்வு செய்தன. அவற்றில் ஒன்று மாட்டுங்கா அடங்கிய எஃப் நார்த், இன்னொன்று செம்பூர் அடங்கிய எம் வெஸ்ட். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி. மற்ற கட்டடங்களில் 16 சதவீதம். ஒரே வார்டு, ஒரே ஊரடங்கு. வித்தியாசம், ஒரு அறைக்கு எத்தனை பேர், எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்பதில் இருந்தது.

கையில் சோப்பு, நெற்றியில் தெர்மாமீட்டர். காற்று?

பள்ளிகள் திறந்தபோது வாசலில் சானிடைசர், நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டர் துப்பாக்கி, ஒரு பெஞ்சுக்கு ஒருவர். கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சிலும் பேச்சிலும் வெளிவந்து, மூடிய அறையில் சிகரெட் புகை மாதிரி மிதந்து நிற்கும் நுண்துளிகள் வழியாக. புகை நிற்கும் அறையில் பெஞ்ச் இடைவெளி கொஞ்சம்தான் உதவும்.

இதை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு: கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம். நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000. வகுப்பறையில் 800 காட்டினால், குழந்தை இழுக்கும் நூறு மூச்சில் ஒன்று அடுத்தவர் நுரையீரலிலிருந்து வந்தது என்று பொருள். 1,200 என்றால் ஐம்பதுக்கு ஒன்று. 2,300 என்றால் இருபதுக்கு ஒன்று. கருவி வாங்குவதாக இருந்தால் என்டிஐஆர் சென்சார் உள்ளதா என்று பாருங்கள். ரொம்ப மலிவாகக் கிடைப்பவை பல, நிஜமாக அளக்காமல் உத்தேசமாக ஒரு எண்ணைக் காட்டும்.

காற்றை மாற்றினால் பலன் உண்டா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 கடைசியில் 169 தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டார்கள். ஜன்னல், கதவைத் திறந்து மின்விசிறியால் காற்றை மாற்றிய பள்ளிகளில் தொற்று 35 சதவீதம் குறைவு. காற்று வடிகட்டியும் சேர்த்த இடங்களில் 48 சதவீதம்.

மாட்டுங்கா ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது?

மும்பைக்கு இது புதுப் பாடம் இல்லை. 1896-ல் பிளேக் தாக்கியதும், 1898-ல் பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. நெரிசலான தெருக்களை உடைத்துக் கடற்காற்று வர வழிவிட்டது. தாதர், மாட்டுங்கா பக்கம் மரங்களும் திறந்தவெளிகளுமாகப் புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. பின்னால் தமிழர்கள் வந்து குடியேறிய மாட்டுங்கா அப்படிப் பிறந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த பிளேக் பரவியது எலித் தெள்ளுப்பூச்சியால். கெட்ட காற்றுதான் காரணம் என்ற அவர்களின் கணிப்பு அந்த நோய்க்குத் தவறு, கொரோனாவுக்குச் சரி!

பழைய வீடுகளில் கூரைக்குக் கீழே சுவரில் விடும் சின்னத் திறப்புக்கு நம்ம ஊரில் பெயரே 'வெண்டிலேட்டர்'. 2020-க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் ஐசியூதான் ஞாபகம் வருகிறது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றும், மாற்றாது. ஸ்பிளிட் ஏசியும் உள்ளே இருப்பதையே குளிர வைத்துத் திருப்பித் தரும். கட்டணம் அதிகமுள்ள ஏசி பள்ளி, ஜன்னல் திறந்த மாநகராட்சிப் பள்ளியைவிட இந்த விஷயத்தில் மோசமாக இருக்க வாய்ப்புண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு, ஒரு பக்கம் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. மும்பையில் சிக்கல் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மழைச்சாரலுக்கு ஜன்னலைச் சாத்தியே ஆக வேண்டும். சாய்வான லூவர் பலகைகளும் மேல் திறப்புகளும் அதற்குத்தான்.

சாப்பாட்டு நேரம் தனிக் கவலை, மாஸ்க் கழற்றுவது அப்போதுதான். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று வந்தபோது, விடுதி மாணவர்களுக்கு ஒரே மெஸ் இயங்கியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. உடனே மெஸ்ஸை மூடி, பொட்டலமாக அறைக்கே சாப்பாடு அனுப்பினார்கள். பள்ளியில் என்றால் டிஃபன் பாக்ஸை வராண்டாவிலோ மைதானத்திலோ திறக்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் சேர்ந்து தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் நடக்கிறது. செம்பூருக்குப் பக்கத்தில், கோவண்டி, மான்குர்ட் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரியும். 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நெருக்கிக் கட்டிய, வெயிலும் காற்றும் புகாத நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்டுகளில் காசநோய் அதிகமாகக் காணப்பட்டது. அதுவும் காற்றில் பரவும் நோய்தான். புதிய தாராவியில் வரப்போகும் பள்ளிகளின் வரைபடத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், எத்தனை மாடி என்பதற்கு முன் வகுப்பறைக்கு எத்தனை பக்கம் ஜன்னல், பக்கத்துக் கட்டடம் எத்தனை மீட்டர் தள்ளி என்று கேளுங்கள். கட்டி முடித்த பிறகு அந்த இரண்டையும் மாற்ற முடியாது.