நதி சொன்ன தீர்ப்பு

பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர் உயரக் கரிய கல்தூண் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிற்பம்: சூரியக் கடவுள் ஷமாஷ் அரியணையில் வீற்றிருக்க, பாபிலோன் மன்னன் ஹம்முராபி கை உயர்த்தி வணங்கி நிற்கிறான். கடவுள் நீட்டுவது ஒரு கோலும் ஒரு வளையமும். எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பவன் சூரியன். ஆகவே அந்நாட்டில் நீதிக்கும் அவனே தெய்வம்.

சிற்பத்துக்குக் கீழே ஏறத்தாழ 280 சட்டங்கள். வயது 3,700 ஆண்டுகளுக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், அவற்றைக் கடவுள் சொன்னதாகக் கல்வெட்டில் இல்லை. நீதியை நிலைநாட்டத் தெய்வங்கள் தன்னைத் தேர்ந்தெடுத்தன என்கிறான் மன்னன். சட்டங்களோ தன்னுடையவை என்கிறான்!

ஆனால் சாட்சி இல்லாத வழக்கில் தெய்வமே நீதிபதி. ஒருவன் மீது சூனியப் பழி விழுந்து, அது நிரூபிக்கப்படாவிட்டால், அவன் நதியில் குதிக்க வேண்டும். நதியும் ஒரு தெய்வம். மூழ்கினால் அவன் வீடு பழி சொன்னவனுக்கு. பிழைத்து வந்தால் பழி சொன்னவனுக்கு மரணம், அவன் வீடு இவனுக்கு. பழி சொல்லக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

இந்த எழுத்தை அழிப்பவனைத் தெய்வங்கள் தண்டிக்கட்டும் என்று கல்வெட்டின் முடிவில் நீண்ட சாபமும் உண்டு. பிற்காலத்தில் ஈலாம் நாட்டு மன்னன் ஒருவன் இந்தத் தூணைக் கொள்ளைப் பொருளாகச் சூசா நகருக்குக் கொண்டுபோனான். அடிப்பகுதியில் சில பத்திகள் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே புதிதாக எதுவும் பொறிக்கப்படவில்லை. அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.