பூசணத்துக்கு ஒரு பந்தி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் பெருமுக்கல். குன்றின்மேல் முக்தியாசலேசுவரர் கோயில். இன்னும் கிழக்கே போனால் உப்பளம். பாறை இடுக்கில் ஒரு சிட்டிகை மண், உப்புப் பாத்தி வரப்பில் ஒரு சிட்டிகை மண். எதில் எத்தனை வகைப் பூசணம்? கண்ணால் எண்ண முடியாது. சமைத்துப் பந்தி போட்டு, யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சமையல் எளிது. 200 கிராம் உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர், 20 கிராம் குளுக்கோஸ், உறைவதற்குக் கடல்பாசி; மொத்தம் ஒரு லிட்டர். 121 டிகிரியில் கால் மணி நேரம் அவிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு இருக்கும் கருவி நம் பிரஷர் குக்கருக்குப் பெரியண்ணன்தான்.

மண்ணை அப்படியே கொட்டினால் தள்ளுமுள்ளு. தயிரை மோராக்கி, மோரை நீர்மோராக்குவது மாதிரி, பத்துப் பத்து மடங்காகக் கரைத்துக்கொண்டே போய்க் கடைசித் தண்ணீரில் சில சொட்டு மட்டும், சமைத்ததை ஊற்றி உறையவைத்த தட்டில் விடுவார்கள். பாக்டீரியா முந்தாமலிருக்கக் கொஞ்சம் புளிப்பு. மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கறுப்பு, பச்சை, வெள்ளை வட்டங்கள். மூடியைத் திறந்து முகர வேண்டாம். பூசணத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

முன்பே இப்படிப் பந்தி போட்ட இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி, முலாம்பழத் துண்டில் பூசணம் வளர்த்துப் பார்த்தவர். 1729இல் ஒன்றுக்கு அஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர் வைத்தார். தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவி நினைவுக்கு வந்ததாம். நம்மவர் பார்த்திருந்தால் பன்னீர்ச்செம்பு என்றிருப்பார்கள்.

உப்பளத்து விருந்தாளிதான் வில்லங்கம். கீறிய எலுமிச்சையில் உப்பைத் திணித்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதல்லவா? பூசணத்தின் உடம்பிலிருந்தும் உப்பு அப்படித்தான் நீரை இழுக்கும். ஹோர்ட்டேயா என்ற கறுப்புப் பூசணம் உள்ளே கிளிசரினை நிரப்பித் தன் நீரைப் பிடித்துக்கொள்கிறது. சுலோவேனிய உப்பளங்களில் அது வாழ்வதை 2000இல் எழுதினார்கள். 2014இல் கோவா ஆய்வாளர்கள் சொன்ன அஸ்பெர்ஜில்லஸ் பெனிசிலியாய்டஸ் இன்னும் பிடிவாதக்காரர்: உப்பில்லாத இலையில் உட்காரவே மாட்டார்.

ஆகவே சமையற்காரர் போட்ட உப்புதான் பட்டியலையே தீர்மானிக்கிறது. குன்று மண்ணை உப்புத் தட்டிலும் உப்பள மண்ணை உப்பில்லாத் தட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்க்காதவர் சொல்லும் எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன்.