கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறுகிறீர்களா? வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். திருவொற்றியூர் வரை வீடுகளின் பின்புறமும் தொழிற்சாலைச் சுவர்களும்தான். எண்ணூரைத் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும்போது கண்ணுக்கு விருந்து. கிழக்கே ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம், மீன்பிடிப் படகுகள், தொலைவில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். தினமும் வேலைக்குப் போகிற பலர் கைபேசியில் மூழ்கியபடியே இந்தப் பாலத்தைக் கடந்துவிடுகிறார்கள். அதுதான் வருத்தம். மீஞ்சூருக்குப் பின் வயல்வெளிகள் தொடங்கிவிடும்.

பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். குளிர்காலத்தில் பூநாரைகளையும் பார்க்கலாம்.

வேடிக்கை பார்க்க ஜன்னல் போதும் நேயர்களே, படியில் தொங்காதீர்கள்!