சரிவில் ஒரு ஏக்கர் – 8: பட்டறையோடு வரவேண்டிய எந்திரம்

நெடுமங்காடு, காட்டாக்கடை, விதுரா பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் ரப்பர்ச் சரிவை வாங்கி, தாங்களே படி வெட்டி, பாதை போட்டு, குளம் தோண்டி விளைநிலமாக்க முனைகிறவர்களின் வரவுசெலவைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் டீசல் இருந்தது, ஓட்டுநர் கூலி இருந்தது, பழைய ஜேசிபியின் விலையும் இருந்தது. பழுதுக்கு மட்டும் கடைசியில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி. இந்த வாரம் அந்த ஒரு வரியைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. மண் வேலையில் பழுது பார்ப்பதும் சேர்த்தி. அதற்கு நாள், இடம், கருவி, ஆள் நான்கையும் முன்கூட்டியே ஒதுக்க முடியாதவர் எந்திரம் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் கறாரான பேச்சுதான். ஆனால் திருவனந்தபுரத்து வானமும் மண்ணும் அதைவிடக் கறாரானவை.

வானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்து மண் உலர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஏப்ரல், மே மாலைகளில் இடியோடு கோடைமழை. ஆகச் சரிவில் ஏழரை டன் எந்திரத்தை நம்பி இறக்கக்கூடிய காலம் டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான். நூறு நாளுக்குச் சற்றுக் கூடுதல். அதில் இரண்டு வாரம் எந்திரம் படுத்துவிட்டால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பாதி வெட்டிய சரிவு வெட்டாத சரிவைவிட ஆபத்தானது. மேல்மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் போயிருக்கும், தண்ணீரை ஓரமாக இறக்கிவிட வேண்டிய வாய்க்காலோ இன்னும் வந்திருக்காது. 2001 நவம்பர் 9 அன்று இதே மாவட்டத்து அம்பூரியில் மலைச்சரிவு இடிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அதற்கு எந்த எந்திரத்தின் மீதும் பழி போட முடியாது. பெருமழையில் நடந்தது அது. ஆனால் இந்தக் கிழக்கு மலையடிவாரத்து மண் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மார்ச்சில் நின்றுபோன வேலையை ஜூன் மழை வந்து முடித்துவைக்க விடக்கூடாது.

அடுத்தது மண். இங்குள்ள அடிப்பாறை பெரும்பாலும் கோண்டலைட் வகை. அது காலப்போக்கில் சிதைந்து செம்மண்ணாகவும் வெட்டுக்கல்லாகவும் மாறும்போது மற்ற கனிமங்கள் களிமண்ணாகிவிடுகின்றன. குவார்ட்ஸ் மணிகள் மட்டும் சிதையாமல் நிற்கின்றன. சாதாரண இரும்பைவிடக் குவார்ட்ஸ் கடினமானது. பக்கெட்டைத் தாங்கும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே காய்ந்த கிரீஸில் அது ஒட்டிக்கொண்டால் சாணைக்கல் பொடி பூசி அரைத்ததுபோல இரண்டையும் தின்றுவிடும். ஏறக்குறைய பத்து மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடித்துப் பழைய கிரீஸைப் பிதுக்கி வெளியேற்றச் சொல்வது இதற்காகத்தான். அதை ஒரு வாரம் மறந்தால் பின்னில் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தோடு ஓட்டினால் புஷ் உட்காரும் ஓட்டையே முட்டை வடிவமாகும். அதற்குப் பிறகு புதுப் புஷ் போட்டாலும் நிற்காது. ஓட்டையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி நேர்கோட்டில் குடைய வேண்டும். சில நூறு ரூபாய் கிரீஸில் முடிந்திருக்க வேண்டியது லேத் பட்டறை வேலையாகிறது.

ஹைட்ராலிக்கிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. உரசித் தேய்ந்த ஹோஸ் ஒன்று வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுவது அரைமணி வேலை. ஆனால் அதை வெட்டுக் குழிக்குள் நிறுத்தி, புழுதிக் கையோடு, திறந்த வாயைத் துணியால்கூட மூடாமல் செய்தால் மண் எண்ணெய்க்குள் போகிறது. பம்பிலும் வால்விலும் உள்ள இடைவெளிகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே நுழையும் தூசு மாதக்கணக்கில் கீறிக்கொண்டே இருக்கும். பம்பு போகும்போது எல்லோரும் பம்பைத் திட்டுவார்கள். அந்தப் பம்பு கெட்டது ஹோஸ் மாற்றிய அன்றைக்கு. பெரும்பழுதில் பலவும் ஒரு சிறு பழுதைச் சரிபார்த்த விதத்தில் பிறக்கின்றன. அதனால்தான் சுத்தமான, கூரையிட்ட, சிமெண்ட் தளம் போட்ட ஓர் இடம் வேண்டும் என்று சொல்கிறேன். எந்திரத்துக்கு முன்பே அது நிலத்தில் எழ வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கு இது புதுச் செய்தியல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து வந்தவை காமர் நிறுவனத்தின் வெறும் சேசிஸ்கள். அவற்றின் மேல் உடல் கட்டியது துறையின் சொந்த ஆட்கள், சால்ட்டர் என்ற கண்காணிப்பாளரின் நேரடி மேற்பார்வையில். வண்டி ஓடுவதற்கு முன்பே அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் ஊரில் உருவாகிவிட்டன. அந்த மரபின் தொடர்ச்சியைப் பாப்பனங்கோட்டில் உள்ள கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பணிமனையில் இன்றும் பார்க்கலாம். கழகத்தின் நிதிநிலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பணிமனை இல்லாமல் வண்டி வாங்கினார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. வேளாண் எந்திரங்கள் வந்தபோது இந்தப் புத்தி நழுவியது. மானியத்தில் நடவு எந்திரமும் டில்லரும் அறுவடை எந்திரமும் வந்து இறங்கின, மெக்கானிக் வரவில்லை. முடங்கிக் கிடந்தவற்றை ஓடவைக்கக் கேரள மாநில வேளாண் எந்திரமயமாக்கல் இயக்கம் பழுதுபார்ப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. மண்ணுத்தியில் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுப் பாதுகாப்புப் படை இளைஞர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததோடு கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொடுத்ததும் அதே குறையை உணர்ந்துதான். பூட்டப்பட்ட குடோனில் துருப்பிடித்த அரசு எந்திரமும், சரிவில் சாய்ந்து நிற்கும் தனியார் ஜேசிபியும் ஒரே பிழையின் இரண்டு அளவுகள்.

‘எதற்கு இந்தத் தலைவலி, வாடகைக்கு எடுத்தால் போயிற்றே’ என்பது முதல் மறுப்பு. பெரும்பாலோருக்கு அதுதான் சரியான பதில் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு பருவத்தில் சில பத்து மணிநேர வேலை மட்டுமே உள்ளவர் ஏழரை டன் இரும்பை வீட்டில் கட்டி வைப்பதற்கு நியாயமே இல்லை. ஆனால் வாடகையில் பழுது மறைந்துவிடுவதில்லை, கைமாறுகிறது. சாலை, வீட்டு வேலைகள் மும்முரமாக நடப்பதும் இதே ஜனவரி முதல் மார்ச் வரைதான்; வண்டி படுத்தால் உரிமையாளர் அதைச் சரிசெய்து முதலில் அனுப்புவது பெரிய ஒப்பந்தக்காரரிடம்தான். மூன்று நான்கு பருவங்களுக்குத் தொடர்ந்து வேலை இருப்பவர்கள், அதுவும் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து வாங்குகிறவர்கள், சொந்த எந்திரத்தை யோசிப்பதில் தவறில்லை.

‘பழையதை வாங்குவதால்தானே பழுது, புதிதாக வாங்கினால்?’ என்பது அடுத்தது. புதியதில் தேய்மானம் குறைவுதான். ஆனால் 2021 ஏப்ரல் முதல் சக்கரமுள்ள கட்டுமான எந்திரங்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்தபின், இந்த அளவு எஞ்சின்களில் டீசலைப் பீய்ச்சுவது கணினியின் கட்டளைப்படி நடக்கிறது. காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. விதுராவில் நிற்கும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நிறுவனத்தின் மடிக்கணினி மலையேறி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் இந்தச் சிக்கல் சட்டம் வரை போயிற்று: விவசாயிகள் தங்கள் எந்திரத்தைத் தாங்களே பழுதுபார்க்கத் தேவையான மென்பொருளையும் கையேட்டையும் நிறுவனங்கள் தர வேண்டும் என்று கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டம் இயற்றியது. இந்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அது இன்னும் தகவல் பலகைதான், கட்டாயம் இல்லை. இதற்கு மறுகோடியில் காம்கோ டில்லர் இருக்கிறது. அத்தாணியில் தலைமையகம் கொண்ட கேரள அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. 12 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், கணினி கிடையாது, பத்துப் பதினைந்து ஸ்பானர்களில் முழுதும் கழன்றுவிடும். படி வெட்டியபின் வரும் உழவு வேலைக்கு அது போதும். பெரிய எந்திரத்துக்கு வாடகை, சிறிய எந்திரத்துக்குச் சொந்தம் என்பது பலருக்குப் பொருந்தும் ஏற்பாடு.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: கைப்பழக்கம் இல்லாதவர் இதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உண்மை. ஹைட்ராலிக் குழாயில் ஓடுவது சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம். மயிரிழை ஓட்டையில் பீய்ச்சும் எண்ணெயைக் கையால் தடவித் தேடினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. சில மணிநேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும். தூக்கிய லோடர் கைக்குக் கீழே அதற்கென்றே வரும் இரும்பு முட்டுக் கொடுக்காமல் யாரும் தலை நுழைக்கக்கூடாது. ஆனால் இந்த மறுப்பு எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதைத்தான் சொல்கிறது, கோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரீஸ், வடிகட்டிகள், பக்கெட் பல், பேட்டரி, பெல்ட், அழுத்தம் முழுதும் இறக்கியபின் ஹோஸ் மாற்றுவது இவை உரிமையாளரின் வேலை. சிலிண்டர் சீல் மாற்றுவதைப் பழகியவரின் பக்கத்தில் நின்று கற்கலாம். பம்பு, கியர், டீசல் பம்பு, பிரேக், முட்டை வடிவ ஓட்டை இவற்றைத் தொடாமல் பட்டறைக்கு அனுப்பிவிட வேண்டும். எதையும் கற்காதவர் பத்திரமாக இருக்கிறார் என்று நினைப்பதும் பிழை. எந்திரம் கசிவதைப் பார்த்தும் புரியாமல் ஓட்டச் சொல்கிறவர் அவர்தான்.

சட்டத்தால் வரும் முடக்கமும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தை மீறி வயலை நிரப்பினால் எந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம். காவல்நிலைய முற்றத்தில் மழையில் நிற்கும் வண்டிக்கு யாரும் கிரீஸ் அடிப்பதில்லை. சரிவின் அடியில் பழைய வயல் இருந்தால் ஆவணத்தை முதலில் பாருங்கள்.

இனி நாட்காட்டி. பின், புஷ், சீல், எண்ணெய் மாற்றம் எல்லாம் ஜூலை, ஆகஸ்டில் முடியட்டும். அப்போது எந்திரத்துக்கும் வேலை இல்லை, மெக்கானிக்குக்கும் அவசரம் இல்லை. அதிகம் உரசும் ஹோஸ்களில் ஒவ்வொன்று கூடுதலாகச் செய்து மூடியிட்டு வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு எடுப்பவர்கள் நவம்பரிலேயே வண்டியைப் போய்ப் பார்த்து, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கச் சொல்லிப் பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று கவனிக்கட்டும். வண்டி படுத்தால் எத்தனை நாளில் வேறு வண்டி வரும், அதுவரை ஓட்டுநர் கூலி யார் தலையில் என்ற இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

(அடுத்த வாரம்: வெட்டிய படிகளுக்கு வடிகால்)