அடுத்த கட்டு தெரிகிற வாசல்

 

வீட்டில் பிள்ளைகள் ஆடும் சாகச வீடியோ கேமை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குகை, கோட்டை, கடை, கோயில் என்று சுவர் வைத்த இடங்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே காடு, மலை, கடல், தெரு என்று ஒரு வெளி விரிந்து கிடக்கும். அந்த வெளிக்குத்தான் ஓவர்வேர்ல்ட் என்று பெயர். அதை அமைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கும் அறுபடாமல் நடந்தே போகும்படி ஒரே நிலமாகச் செய்வது ஒரு வழி. நிலத்தைத் துண்டு துண்டாக வைத்து, மேப்பில் இடத்தைத் தொட்டால் லோடிங் திரை வந்து அங்கே கொண்டுபோய் விடும்படி செய்வது இன்னொரு வழி. எது மேல் என்று ஆடுகிறவர்கள் பல வருடமாக வாதாடுகிறார்கள். ஒட்டிய உலகமே உயர்த்தி என்றுதான் பெரும்பாலும் பேச்சு முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பழைய வீட்டு முகப்பில் போய் நில்லுங்கள். கதவுகள் திறந்திருந்தால் வளவு வாசலில், அதாவது நடுமுற்றத்தில், விழும் வெயில் தெரியும். அதற்கப்பால் இரண்டாம் கட்டு, அதற்கும் அப்பால் அடுப்படி இருக்கும் கட்டு, கடைசியில் பின்தெரு வெளிச்சம். கதவு நிலைகள் அத்தனையும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கும். ஆனால் அந்த வீடு ஒரே கூடம் இல்லை. வந்தவர்களை உட்காரவைத்துப் பேச முகப்பு. கல்யாணமும் சடங்கும் நடக்க வளவு. அதைச் சுற்றிக் குடும்பத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை. சாப்பாட்டுக்கும் சமையலுக்கும் பின்கட்டுகள். ஒவ்வொரு நிலையிலும் காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட வேண்டும். தலைக்கு மேல் ஓடு வரும், வானம் வரும், மறுபடி ஓடு வரும். நடக்கிறவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதில் குழப்பமே வராது. பக்கத்து அறைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1986-க்குப் போவோம். அந்த ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ இந்த வகைக்கே வழிகாட்டி. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷிகெரு மியாமோட்டோ. கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் அங்கே காடும் குகையும் சுற்றிய அனுபவம்தான் இந்த விளையாட்டுக்கு விதை என்று பின்னாளில் சொன்னார். அதன் வெளி மொத்தம் 128 திரைகள். குறுக்கே 16, நெடுக்கே 8. ஒரு நேரத்தில் ஒரு திரைதான் தெரியும். ஓரத்துக்குப் போனால் அடுத்தது சறுக்கிக்கொண்டு வரும். இது ஒட்டிய உலகமா, பிரிந்த உலகமா? கணக்குப்படி 128 துண்டுகள். ஆனால் ஆடுகிறவர் மனதில் அது ஒரே நாடு. கிழக்கே ஒரு திரை போய், மேற்கே ஒரு திரை திரும்பினால், விட்ட இடத்துக்கே வருகிறோமே!

2000-களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’யைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2002-இல் வந்தது. இரண்டு பெரிய தீவுகள்; ஆரம்பத்தில் புயல் எச்சரிக்கை என்று பாலங்களை அடைத்திருப்பார்கள். திறந்த பிறகும் பாலத்தைக் கடக்கும்போது ஒரு லோடிங் திரை வந்து போகும். அது கதைக்காக வந்ததல்ல. அந்த கேம் முதலில் வந்த பிளேஸ்டேஷன் 2-இன் நினைவகம் 32 எம்பி மட்டுமே. இரண்டு தீவையும் ஒரே சமயத்தில் அதில் வைக்க இடமில்லை. ஒன்றை இறக்கினால்தான் மற்றதை ஏற்ற முடியும். 1996-இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ இதே நெருக்கடியைக் கதவால் சமாளித்தது. இருட்டில் ஒரு கதவு மெதுவாகத் திறப்பதைக் காட்டும் நேரத்தில், அடுத்த அறை டிஸ்க்கிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். பயமும் கூடவே ஏறியது.

இன்று அறுபடாமல் ஓடுகிற பெரிய உலகங்களும் உள்ளே துண்டுகள்தான். கேம் செய்ய உதவும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5-இல் நிலத்தைத் தானாகவே கட்டம் கட்டமாக வெட்டி, ஆடுகிறவருக்கு அருகிலுள்ள கட்டங்களை மட்டும் ஏற்றி, தூரத்தில் உள்ளதை இறக்கிவிடும் வசதி உண்டு. ஆக எல்லா உலகமும் பிரிந்த உலகமே; சிலவற்றில் வெட்டுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. அப்படியென்றால் கோடு இருக்கிறதா இல்லையா என்ற சண்டையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கலாம். அடுத்த இடம், நான் போய்ச் சேரும் முன்பே எனக்கு எவ்வளவு தெரிகிறது?

இதற்கு ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ தந்த பாடம் பெரியது. 2004-இல் வந்தபோது மூன்று நகரங்கள், நடுவே காடும் பாலைவனமும். லோடிங் இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகலாம். தூரத்தைப் பழைய இயந்திரத்தால் வரைய முடியாததால் பனிமூட்டம் போட்டு மறைத்தார்கள். 2021-இல் புதுப்பித்து வெளியிட்டபோது அந்த மூட்டம் போய்விட்டது. மலை உச்சியில் நின்றால் ஒரு நகரமும் அடுத்த நகரமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. நாள் முழுக்க ஓட்டிய நாடு ஒரு பேட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டதே என்று ஆடியவர்கள் வருந்தினார்கள். ஒட்டுதல் அப்படியேதான் இருந்தது. மறைவு போனதும் பெருமை போய்விட்டது. முகப்பில் நிற்கும்போது பின்வாசல் தெரிகிறது, பக்கத்து அறைகள் தெரிவதில்லை என்றேனே, அந்த அளவு இங்கே தப்பிவிட்டது.

அந்த அளவைத் தெரிந்து செய்தவர்களும் இருக்கிறார்கள். செல்டா வரிசையில் 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஒட்டிய உலகம்தான். அதன் நிலமெங்கும் முக்கோணச் சாயலில் மேடுகளை வைத்தார்கள். மேடு பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும்; ஏறலாமா, சுற்றிப் போகலாமா என்று கேட்கவைக்கும். போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். 2011-இன் ‘டார்க் சோல்ஸ்’ வேறு விதம். ஃபயர்லிங்க் ஷ்ரைன் என்ற இடத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுவோம். எங்கோ வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது ஒரு லிஃப்ட் கிடைக்கும். இறங்கினால் அதே ஃபயர்லிங்க்! அதுவரை தனித்தனியாக இருந்த இடங்கள் அத்தனையும் ஒரு நொடியில் ஒரே ஊராகிவிடும். நடுக்கட்டம் வரை நினைத்த இடத்துக்குத் தாவும் வசதியைத் தராததால்தான் அந்த லிஃப்டுக்கு அவ்வளவு மதிப்பு.

பிரிந்த உலகத்துக்காகவும் நான் வாதாடுவேன். அதே 2011-இல் செல்டா வரிசையில் வந்த ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்’ மேகத்துக்கு மேலே ஓர் ஊர், கீழே காடு, எரிமலை, பாலைவனம் என்று மூன்று நிலம் வைத்தது. கீழே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போக வழியில்லை. மேலேறிப் பறவையில் பறந்துதான் இறங்க வேண்டும். அதைப் பலர் குறை சொன்னார்கள். ஆனால் அந்த நிலங்களுக்குள் வெறுமனே கடந்துபோகும் இடம் என்று அதிகம் இல்லை. நடக்கிற பாதையே புதிராக இருக்கும். திரும்பப் போகும்போது காடு வெள்ளத்தில் முழுகிக் கிடக்கும். அதன் குறை பிரிவு அல்ல. நடுவில் வைத்த வானம் வெறிச்சென்று கிடந்ததுதான் குறை.

காரைக்குடிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் செட்டிநாட்டை வைத்து ஒரு சாகச கேம் செய்ய நினைத்தால் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சொல்வேன். முன்பு 96 ஊர்கள் என்பது வழக்கு; இன்றும் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. அத்தனையையும் ஒட்டி ஒரே நிலமாக்க முயல வேண்டாம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று மூன்று போதும். நடுவில் இருக்கும் செம்மண் பொட்டலையும் கண்மாயையும் விட்டுவிடாதீர்கள். கண்மாய்க் கரையில் ஏறினால் அடுத்த ஊர்க் கோபுரம் மட்டும் தெரியட்டும். வீட்டுக்குள் நுழைகையில் லோடிங் வந்தால் வரட்டும், ஆனால் முகப்பில் நின்றதும் பின்வாசல் வெளிச்சம் தெரிய வேண்டும். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ஆகவே பின்வாசலைத் திறந்து வெளியே வருகிறவர், ஊருக்குள் வரும்போது தான் முதலில் பார்த்த ஊருணியையே மறுகரையிலிருந்து பார்க்கும்படி தெருவை அமையுங்கள். கட்டு கட்டாகப் பிரித்து ஏற்றினால் இது சாதாரண செல்போனிலேயே ஓடும். கோடோ (Godot) போன்ற எஞ்சின் இலவசமாகவே கிடைக்கிறது.