உலாவி மேம்படுத்தலும் வலைத்தளக் காட்சிச் சிக்கல்களும்

உலாவியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின், அதுவரை ஒழுங்காகத் தெரிந்த வலைத்தளம் சிதைந்து தெரிவது உண்டு. பக்கத்தின் ஓரத்தில் இருந்த பட்டி கீழே இறங்கிவிடும். பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. சில பழைய தமிழ்த் தளங்களில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகள் தெரியும். தளத்தில் ஒரு வரியும் மாறாத நிலையில் இவ்வாறு நிகழ்வதால், புதிய உலாவியே பழுது எனக் கருதிப் பலர் பழைய பதிப்புக்குத் திரும்ப முயல்கின்றனர். ஆனால் இத்தகைய சிக்கல்களில் பலவற்றுக்கு வேர் பழைய உலாவியில் இருக்கிறது. அதன் பிழையையோ தனி வழக்கத்தையோ நம்பித் தளம் எழுதப்பட்டிருக்கும். அந்த வழக்கம் நீங்கியதும் தளம் நிலைகுலையும்.

உலாவி பக்கத்தை வரையும் விதம்

வலைத்தளம் தன் பக்கத்தை ஒரு படமாக அனுப்புவதில்லை. உள்ளடக்கத்தை எச்டிஎம்எல் மொழியிலும், தோற்றத்தைப் பற்றிய விதிகளைச் சிஎஸ்எஸ் எனப்படும் பாணித்தாளிலும், செயல்பாடுகளை ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதி அனுப்புகிறது. இவற்றைப் படித்துத் திரையில் பக்கத்தை வரைவது உலாவியின் வேலை. எனவே ஒரே பக்கம் எல்லா உலாவிகளிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால், எழுதுபவரும் உலாவியை உருவாக்குபவரும் ஒரே விதிகளைப் பின்பற்ற வேண்டும். அந்தப் பொது விதிகளே வலைத் தரங்கள். சிஎஸ்எஸ்ஸின் முதல் தரம் 1996 டிசம்பரில் வெளியானது. தொடக்ககால உலாவிகள் அதை முழுமையாகவும் பிழையின்றியும் பின்பற்றவில்லை. சிக்கல் அங்கேயே தொடங்கியது.

பெட்டி அகலக் கணக்கு

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, விண்டோஸ் கணினிகளுக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 செய்த அகலக் கணக்கு. ஒரு பெட்டியின் அகலம் 300 பிக்சல், உள் இடைவெளி இருபுறமும் 20 பிக்சல், கரைக்கோடு இருபுறமும் 5 பிக்சல் எனக் கொள்வோம். தரத்தின்படி 300 என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. இடைவெளியும் கோடும் சேர்ந்தால் பெட்டி திரையில் 350 பிக்சல் இடத்தைப் பிடிக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 இவை அனைத்தையும் 300க்குள் அடக்கியது.

அந்த உலாவியை மட்டும் பார்த்துத் தளம் அமைத்தவர், 750 பிக்சல் அகலமுள்ள பக்கத்தில் 300, 450 என இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்திருப்பார். அதில் அவை சரியாகப் பொருந்தும். தரத்தைப் பின்பற்றும் உலாவியில் ஒவ்வொரு பெட்டியும் 50 பிக்சல் கூடுவதால் மொத்தம் 850 ஆகிவிடும். இடம் போதாமல் இரண்டாம் பெட்டி கீழே இறங்கும். உலாவி தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. தளம் பழைய தவறான கணக்கிலேயே நின்றது.

பழைய கணக்கே வடிவமைப்பாளர்களுக்கு எளிது என்பது பின்னர் உணரப்பட்டது. இன்று சிஎஸ்எஸ்ஸில் அந்த முறையையும் ஒரு விருப்பத் தேர்வாகக் கேட்டுப் பெறலாம். குறை கணக்கு முறையில் இல்லை. உலாவிக்கு உலாவி அது வேறுபட்டதே குறை.

இரண்டு முறைகளில் இயங்கும் உலாவி

தரத்துக்கு மாறினால் பழைய தளங்கள் உடையும். மாறாவிட்டால் புதிய தளங்களைச் சரியாக எழுத முடியாது. இதற்குத் தீர்வாக 2000இல் மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் ஒரு வழி கையாளப்பட்டது. பக்கத்தின் முதல் வரியில் அது எந்தத் தரத்தில் எழுதப்பட்டது என்னும் அறிவிப்பு இருக்கலாம். இதற்கு டாக்டைப் என்று பெயர். முறையான அறிவிப்பு இருந்தால் உலாவி தர முறையில் இயங்கும். இல்லாவிட்டால் பழைய வழக்கங்களை ஒத்த 'குவர்க்ஸ்' முறையில் இயங்கும். 2001இல் வந்த விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 இதைப் பின்பற்றியது. குரோம், பயர்பாக்ஸ் போன்ற இன்றைய உலாவிகளிலும் இந்த இரட்டை முறை உள்ளது. எனவே தளத்தின் மேல் வரி ஒன்று தவறுதலாக நீங்கினாலும் அமைப்பு முழுவதும் மாறித் தெரியலாம்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, 8

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்கும் 7க்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கடந்தன. அக்காலத்தில் தள உருவாக்குநர்கள் ஆறாம் பதிப்பின் பிழைகளைச் சமாளிக்க, அந்த உலாவி மட்டும் படிக்கும் வகையில் சில விதிகளைத் தந்திரமாக எழுதிவந்தனர். 2006 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பு பல பிழைகளைத் திருத்தியது. அந்தத் தந்திர விதிகளில் சிலவற்றைப் படிப்பதையும் நிறுத்தியது. ஆனால் எல்லாப் பிழைகளும் திருத்தப்படவில்லை. எஞ்சிய பிழைகளைத் தந்திர விதிகளால் சமாளித்துவந்த தளங்கள் புதிய பதிப்பில் சிதைந்தன.

எட்டாம் பதிப்பின்போது இந்தக் கேள்வி வெளிப்படையான விவாதமாயிற்று. 2008 ஜனவரியில் வெளியான திட்டத்தின்படி, புதிய உலாவி இயல்பாக ஏழாம் பதிப்பைப் போலவே நடந்துகொள்ளும். புதிய தர முறை வேண்டும் தளங்கள் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சரியாக எழுதுபவர் மீது சுமை ஏற்றப்படுகிறது எனப் பலர் எதிர்த்தனர். அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாப்ட் முடிவை மாற்றி, தர முறையையே இயல்பாக்கியது. 2009 மார்ச்சில் வெளியான உலாவியில், முகவரிப் பட்டையின் அருகே கிழிந்த தாள் வடிவில் ஒரு பொத்தான் இருந்தது. சிதைந்து தெரியும் பழைய தளத்தில் அதை அழுத்தினால் பக்கம் பழைய முறையில் காட்டப்படும்.

பதிப்பு எண்ணை நம்பிய தளங்கள்

உலாவி ஒவ்வொரு தளத்திடமும் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் தெரிவிக்கும். பல தளங்கள் அதைப் பார்த்து, இன்ன உலாவிக்கு இன்ன பக்கம் என முடிவு செய்தன. நெட்ஸ்கேப் 4இல் மட்டும் இருந்த அடுக்கு வசதியை நம்பி எழுதப்பட்ட நிரல்கள், அந்த வசதி இல்லாத நெட்ஸ்கேப் 6இல் வேலை செய்யவில்லை. 2009இல் ஓபரா 10 வந்தபோது, சில தளங்கள் எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதைப் பதிப்பு 1 எனக் கொண்டன. எனவே ஓபரா தன்னை 9.80 எனவே அறிவித்து, உண்மையான எண்ணை வேறோர் இடத்தில் குறித்தது. 2022இல் குரோமும் பயர்பாக்ஸும் பதிப்பு 100ஐ எட்டுவதற்கு முன், மூன்றிலக்க எண்ணால் தளங்கள் உடைகின்றனவா என முன்கூட்டியே சோதிக்கப்பட்டது.

உலாவி உருவாக்குநர்கள் தளங்களுக்காக விட்டுக்கொடுப்பதும் உண்டு. 2018இல் ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்க இருந்த 'பிளாட்டன்' என்னும் புதிய செயல்பாட்டின் பெயர், மூடூல்ஸ் என்ற பழைய நிரலகத்தோடு மோதிச் சில தளங்களை உடைத்தது. சோதனைப் பதிப்பிலேயே இது தெரியவந்ததால், புதிய செயல்பாட்டின் பெயர் 'பிளாட்' என மாற்றப்பட்டது.

தமிழ்த் தளங்களும் இயங்கு எழுத்துருக்களும்

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், டாம் போன்ற குறியேற்றங்களிலும், சில இதழ்கள் தமக்கே உரிய குறியேற்றங்களிலும் எழுதப்பட்டன. இவை மேற்கைரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்துகளை வைத்தன. திஸ்கியில் தகரம் உள்ள 190ஆம் இடத்தில், மேற்கைரோப்பியக் குறியேற்றத்தில் முக்கால் என்னும் பின்னக் குறி உள்ளது. உரிய எழுத்துரு இருந்தால் 'த' தெரியும். இல்லாவிட்டால் முக்கால் தெரியும்.

வாசகர் எழுத்துருவை நிறுவ வேண்டிய தொல்லையைத் தவிர்க்க, பக்கத்தோடு சேர்ந்து தானே இறங்கும் இயங்கு எழுத்துருக்கள் பயன்படுத்தப்பட்டன. நெட்ஸ்கேப் 4 ஒரு வடிவத்தையும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 முதல் வேறொரு வடிவத்தையும் ஏற்றன. நெட்ஸ்கேப் 6 தன் வடிவத்தைக் கைவிட்டது. மைக்ரோசாப்டின் வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 வரை நீடித்து, 2015இல் வந்த எட்ஜ் உலாவியில் இடம்பெறாமல் போயிற்று. இதனால் ஒரு காலத்தில் தெளிவாகப் படிக்க முடிந்த கட்டுரைகள் குறிக்குவியலாகத் தெரியத் தொடங்கின.

இங்கே அறிய வேண்டியது, அந்த உரை அழிந்துவிடவில்லை என்பதே. எண்கள் அப்படியே உள்ளன. குறியேற்ற மாற்றி கொண்டு அதனை யூனிகோடுக்கு மாற்றினால் மீண்டும் படிக்கலாம். தேடுபொறியும் அதைக் கண்டுபிடிக்கும். மாற்றாமல் விடப்பட்ட பழைய இணைய இதழ்கள், வழங்கி நிறுத்தப்படும் நாளில் உண்மையாகவே இழக்கப்படும். பழைய தமிழ்ப் பக்கங்களை வைத்திருப்போர் இப்பணியைத் தள்ளிப்போடலாகாது.

நீக்கப்பட்ட வசதிகள்

சில வசதிகள் பாதுகாப்பு கருதி முற்றிலும் நீக்கப்பட்டன. பழைய வகைச் செருகுநிரல்களுக்கான ஆதரவை 2015இல் குரோம் நீக்கியது. பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கம் இயங்காமல் தடுக்கப்பட்டது. பட்டி முழுவதையும் பிளாஷில் அமைத்திருந்த தளங்களில் அந்த இடம் வெறுமையாயிற்று.

பயனர் செய்யக்கூடியவை

மேம்படுத்தலுக்குப் பின் தெரியும் எல்லாச் சிதைவுக்கும் தளமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. பின்வருவனவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

1. கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பக்கத்தை முழுமையாகப் புதுப்பிக்கவும். கணினியில் தேங்கிய பழைய பாணித்தாள் காரணமாக இருந்தால் இதில் சரியாகும்.
2. கன்ட்ரோல், பூச்சியம் விசைகளை அழுத்தி உருப்பெருக்கத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவரவும்.
3. தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்க்கவும். அங்கே சரியாகத் தெரிந்தால், நீட்சி ஒன்றோ தேங்கிய தரவோ காரணமாக இருக்கலாம்.
4. வேறோர் உலாவியில் பார்க்கவும். அங்கும் அதே சிதைவு இருந்தால் தளத்தில் குறை இருக்க வாய்ப்பு மிகுதி.
5. உலாவியின் பெயர், பதிப்பு எண், திரைப்பிடிப்பு ஆகியவற்றோடு தள நிர்வாகிக்கு எழுதவும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது நல்ல வழியன்று. புதிய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகளும் அடைக்கப்படுகின்றன. ஒரு தளத்தின் தோற்றத்துக்காகப் பின்சென்றால், எல்லாத் தளங்களையும் பாதுகாப்பின்றிப் பார்க்க நேரும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கும் அலுவலகத் தளங்களுக்கு, எட்ஜ் உலாவியில் அதற்கென்றே ஒரு முறை உள்ளது.

தள உருவாக்குநர் செய்ய வேண்டியவை

பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பை இட வேண்டும். உரையை யூனிகோடில் எழுதி, யுடிஎஃப்-8 குறியேற்றம் என அறிவிக்க வேண்டும். உலாவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், தேவையான வசதி அதில் இருக்கிறதா என்றே நிரல் சோதிக்க வேண்டும். உலாவிகளின் சோதனைப் பதிப்புகள் முன்னதாகவே கிடைப்பதால், அவற்றில் தளத்தைப் பார்த்துக்கொண்டால் வாசகருக்கு முன் குறை தெரிந்துவிடும்.

ஓர் உலாவியில் சரியாகத் தெரிகிறது என்பது, பக்கம் சரியாக எழுதப்பட்டுள்ளது என்பதற்குச் சான்றாகாது. பொதுத் தரத்தைப் பின்பற்றி எழுதிய பக்கமே உலாவி மாறினாலும் படிக்கக்கூடியதாக நிலைக்கும்.